அம்புக் காசு ஓங்கில் காசான கதை

அந்தக் காலத்தில் மீனுக்கும் பேச்சு உண்டு, பறவைக்கும் பேச்சு உண்டு. நண்டு முணுமுணுக்கும். ஆந்தை நியாயம் பேசும். கடற்காகம் அடுத்த வீட்டு வம்பு பேசும். இத்தனையையும் ஒரு தட்டில் வைத்து ஓங்கிலின் பேச்சை இன்னொரு தட்டில் வைத்தால் ஓங்கிலின் தட்டுதான் இறங்கும். டால்பின் என்கிறோமே, அதைத்தான் நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்கள். அதற்கு அப்போது வாய் ஓயவே ஓயாது.

கிரேக்கர்கள் கப்பலேறி வடக்கே போய்க் கருங்கடலின் ஓரத்தில் ஊர் கட்டிக்கொண்ட காலம் அது. பெரிய நதி ஒன்று கடலில் கலக்கும் இடத்தில் தலாசியா என்று ஓர் ஊர் இருந்தது. கோதுமை நன்றாக விளையும், மீன் குறைவில்லாமல் கிடைக்கும், குளிர் மட்டும் எலும்பைத் துளைக்கும். கிரேக்க ஊர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவரவர் தெய்வத்தின் அடையாளத்தை அவரவர் காசில் பதித்துக்கொள்வார்கள். ஓர் ஊர்க் காசில் ஆந்தை, இன்னோர் ஊர்க் காசில் தேனீ, மற்றொன்றில் இறக்கை முளைத்த குதிரை. தலாசியாவின் தெய்வம் வில்லேந்திய அப்போலோ. அதனால் அவர்கள் காசு வட்டமாகக்கூட இருக்காது. வெண்கலத்தை அம்பு முனை உருவத்திலேயே வார்த்துவிடுவார்கள். தெய்வத்தின் அம்பு கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் சந்தைக்குப் போவார்கள், கப்பல் ஏறுவார்கள், கல்யாணமும் பேசுவார்கள்.

செத்தாலும் அந்த அம்பு வேண்டும். நாம் வாய்க்கரிசி போடுகிறோம் அல்லவா? அவர்கள் இறந்தவரின் வாயில் ஒரு வெண்கல அம்பை வைப்பார்கள். பூமிக்கு அடியில் ஒரு கறுத்த ஆறு ஓடுகிறது, அதில் ஒரு தோணிக்காரன் இருக்கிறான், கூலி வாங்காமல் எந்த உயிரையும் அக்கரை சேர்க்கமாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. கூலி இல்லாத உயிர் இக்கரையிலேயே நிற்கும். அந்தக் காசை நூலில் கோக்கக் கூடாது, எதிலும் கட்டக் கூடாது. முடிச்சு விழுந்தால் உயிர் முடிச்சிலேயே சிக்கிக்கொள்ளுமாம். பிணத்தின் செருப்பு வாரைக்கூட அவிழ்த்துவிட்டுத்தான் எடுத்துப்போவார்கள்.

அந்த அம்புகளை வார்த்தவள் மெலாந்தி என்ற பெண். அவள் அப்பாவுக்குப் பிறகு ஊரின் வெண்கல உலை அவள் கைக்கு வந்தது. அவள் கணவன் பிலோன் மீன் பிடிக்கிறவன். நெருப்போடு கிடக்கிறவளும் தண்ணீரில் கிடக்கிறவனும் எப்படித்தான் ஒத்துப்போகிறார்களோ என்று ஊரில் கேலி பேசுவார்கள். நன்றாகவே ஒத்துப்போனார்கள். அவன் ஈர உடையோடு வந்தால் உலைக்கு முன்னால் உட்கார்ந்து காய வைத்துக்கொள்வான். அவள் கையில் சூடு பட்டால் அவன் கொண்டுவந்த மீன் எண்ணெயைத் தடவிக்கொள்வாள்.

இந்த வீட்டுக்கு மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அவன்தான் சிமோ என்ற ஓங்கில். சிமோ என்றால் அவர்கள் பாஷையில் சப்பை மூக்கன். அது, இது என்று அவனைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவன் என்றே சொல்கிறேன். பிலோனின் படகுக்கு முன்னால் போய் மீன் கூட்டத்தை வலைக்குள் துரத்திவிடுவது அவன் வேலை. பிலோனை அண்ணா என்பான், மெலாந்தியை அண்ணி என்பான். துறையில் கற்படிக்கு அருகே தலையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவான்.

"அண்ணி, இன்றைக்கு வந்த மீனில் பாதி நான் துரத்தியது. அண்ணன் அதைச் சொல்லமாட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது."

"நீ சொல்லாமல் விட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கிறதா சிமோ?"

"இருக்கிறது. ஆனால் அதையும் சொல்லிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது."

பிலோன் சிரிப்பான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இவன் நூறு வருஷம் பிழைப்பான்" என்பான்.

அந்த இலையுதிர் காலத்தில் மத்தி மீன்கள் தெற்கே போயின, சிமோவும் அவற்றின் பின்னால் போயிருந்தான். அப்போதுதான் புயல் வந்தது. பிலோனின் படகுப் பலகைகள் கரை ஒதுங்கின, பிலோன் ஒதுங்கவில்லை. ஊரார் தேடிப் பார்த்துவிட்டு, வழக்கப்படி உடல் இல்லாமலே ஒரு சமாதி கட்டி, அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். மெலாந்தி அழுதாள். அழுது முடித்த பிறகும் ஒரு நினைப்பு மட்டும் அவளை விடவில்லை. ஊரில் எத்தனையோ பேர் வாய்க்கு அவள் கையால் வார்த்த அம்பு போயிருக்கிறது. தன் புருஷன் வாய்க்குப் போகவில்லை.

சிமோ திரும்பி வந்தான். கற்படிக்கு வந்தவன் தலையை நீட்டாமல் தண்ணீருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தான். அதிலேயே அவளுக்கு உயிர் பாதி போயிற்று.

"அண்ணி, நான் அண்ணனைப் பார்த்தேன்."

"உயிரோடா?"

"இல்லை. தெற்கே மலை அடியில் ஒரு குகை இருக்கிறது. கடல் அதற்குள் போகிறது. உள்ளே போகப் போகத் தண்ணீர் கறுக்கும். மனிதர்கள் அங்கே வர முடியாது, நாங்கள் போய்விட்டுத் திரும்பலாம். அங்கே கரையில் நிற்கிறார். தோணி வரும்போதெல்லாம் போய் வரிசையில் நிற்கிறார். தோணிக்காரன் வாயைத் திறக்கச் சொல்கிறான். அண்ணன் வாயில் உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது."

மெலாந்தி உலைப் பக்கம் திரும்பினாள்.

"இன்னொன்று சொல்ல வேண்டும்" என்றான் சிமோ. "அந்தக் கரையில் நிற்கிறவர்களுக்கு மெல்ல மெல்லத் தங்கள் பெயர் மறந்துபோகிறது. பெயர் சொல்லாதவரைத் தோணிக்காரன் கூலி கொடுத்தாலும் ஏற்றமாட்டான். நான் அண்ணனைக் கூப்பிட்டபோது உடனே திரும்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பினார்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஓடிப்போய் உலையை மூட்டினாள். கையிருப்பில் காசு இல்லாமல் இல்லை. ஆனாலும் பிறர் கைபட்டதை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. புதிதாக ஓர் அம்பை வார்த்து, அச்சிலிருந்து எடுத்து, சூடு ஆறுமட்டும் ஊதி ஊதிக் கொண்டுவந்தாள்.

"என் முதுகுச் சிறகில் கட்டிவிடுங்கள் அண்ணி" என்றான் சிமோ.

"கட்டவா? சாவுக் காசில் முடிச்சுப் போடுவதா? அவர் அங்கேயே சிக்கிக் கிடக்கவா?"

"வேறு எப்படிக் கொண்டுபோவேன்? எனக்குக் கை கிடையாது."

"வாயில்தான். வாயிலிருந்து எடுத்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும்."

சிமோ கொஞ்சம் தயங்கினான். "என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் வாயை மூடிக்கொண்டு போய்வருவாயா? உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்."

"அண்ணி கும்பிட வேண்டாம். போய்வருகிறேன்" என்று சொல்லி வாயைத் திறந்தான். அவள் அம்பை அவன் நாக்கின்மேல் வைத்தாள். வாய் மூடிக்கொண்டது.

வழியில் சூரை மீன்கள் அவனைச் சுற்றி வந்தன. "என்ன சிமோ, யாரோடு சண்டை? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாய்" என்றன. அவன் பேசவில்லை. கடற்காகங்கள், "சப்பை மூக்கனுக்குப் பல்வலி" என்று தலைக்குமேல் பறந்து பறந்து கத்தின. முன்பென்றால் ஒரு வார்த்தைக்கு நூறு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பான். தலையைத் தாழ்த்திக்கொண்டு நீந்தினான். பேசிப் பழகியவனுக்குப் பேசாமல் இருப்பது பசியைவிடக் கொடுமை. அதையும் பொறுத்தான்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. அந்த இடத்தில் கடலுக்கடியில் பற்கள் பற்களாகப் பாறை உண்டு. அந்தப் பனிக்குள் ஒரு படகு நேராகப் பாறையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர் ஹெர்மோனின் படகு அது. தலாசியாவில் நடக்கும் தானியத் தெய்வம் தெமெத்தரின் திருவிழாவுக்காகப் பெண்களும் குழந்தைகளும் கோதுமைக் கதிர் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

சிமோ படகுக்கு முன்னால் பாய்ந்தான். குறுக்கே துள்ளினான். வாலால் தண்ணீரை அறைந்தான். சப்பை மூக்கால் படகின் முனையை முட்டித் தள்ளினான். குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு பெண் ரொட்டியைப் பிய்த்து வீசினாள்.

"பாறை கீறை இருக்கப்போகிறது, ஒரு தடவை பாருங்கள். இவன் இப்படி ஒருநாளும் செய்ததில்லை" என்றாள் ஹெர்மோனின் மனைவி.

"நம்ம சிமோதானே? ஆபத்து என்றால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பானே. அவன் வாய் திறக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். விளையாடுகிறான், விடு" என்றான் ஹெர்மோன்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடலில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஓயாமல் பேசுகிறவன் பேசாமல் இருக்கும்போது, அவன் மனத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

சிமோவுக்கு இரண்டு பக்கமும் இடி. வாயைத் திறந்தால் அண்ணன் அந்தக் கறுத்த கரையில், பெயர் மறந்து, காலமெல்லாம் நிற்பார். திறக்காவிட்டால் இத்தனை குழந்தைகளும் சற்று நேரத்தில் அதே கரைக்கு, வாயில் உப்புத் தண்ணீரோடு, வந்து சேர்வார்கள்.

"பாறை இருக்கிறது, இடப்பக்கம் திருப்பு" என்று சிமோ தொண்டை கிழியக் கத்தினான்.

ஹெர்மோன் சுக்கானை வெடுக்கென்று திருப்பினான். படகின் விலா பாறையை உரசிக்கொண்டு போயிற்று, உடையவில்லை. சிமோவின் வாயிலிருந்து ஏதோ மின்னிக்கொண்டு தண்ணீரில் விழுந்ததைப் படகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அடுத்த கணம் அவனையும் காணவில்லை.

அவன் அம்பின் பின்னால் மூழ்கினான். பாறையைத் தாண்டிவிட்டால் கடலின் ஆழம் கண்டவர் யாருமில்லை. மூச்சு முட்டும்வரை போனான், மேலே வந்தான், திரும்பவும் போனான். வெளிச்சம் எட்டாத இடம்வரை போயும் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப்போய் இன்னோர் அம்பு வாங்கி வரலாம். அதற்குள் அண்ணன் பெயரை மறந்துவிட்டால்? சிமோ வெறும் வாயோடு தெற்கே நீந்தினான்.

குகைக்குள் தண்ணீர் கறுத்தது. கரையில் பிலோன் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா" என்றான் சிமோ. பிலோன் திரும்பவில்லை. "பிலோன் அண்ணா" என்று மறுபடி கூப்பிட்டான்.

பிலோன் மெல்லத் திரும்பினான். "என்னையா கூப்பிட்டாய்?"

"உங்களைத்தான். பிலோன் உங்கள் பெயர்."

"ஆமாம்" என்றான் அவன். "அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்கள்."

தோணி வந்து கரையில் முட்டியது. தோணிக்காரன் கையை நீட்டினான். சிமோ நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். இவருக்காக ஒரு காசு வந்தது, என் வாயில்தான் இருந்தது, நான்தான் கடலில் போட்டுவிட்டேன் என்றான்.

"இருந்ததைக் கூலியாக வாங்க முடியாது" என்றான் தோணிக்காரன்.

"வேறு எதை வாங்குவாய்?"

தோணிக்காரன் துடுப்பின்மேல் சாய்ந்துகொண்டு அவனைப் பார்த்தான். "வாயிலிருந்து எடுத்துக் கொடுப்பது எதுவானாலும் வாங்குவேன். இங்கே வருகிறவர்கள் யாரும் பேசுவதில்லை. அழுகிறார்கள், இல்லையென்றால் சும்மா இருக்கிறார்கள். நீ வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாய். உன் பேச்சைக் கொடு."

"எவ்வளவு?"

"முழுவதும்."

"ஊரில் அண்ணி காத்திருப்பார். போய்ச் சொல்வதற்கு ஒரு வார்த்தையாவது விட்டுவை."

"கூலியில் குறைக்கும் வழக்கம் இல்லை."

சிமோ பிலோனைப் பார்த்தான். பிலோனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்த பெயர் அதற்குள் மறுபடி நழுவிக்கொண்டிருந்தது. இனித் தாமதிக்க நேரம் இல்லை என்று சிமோவுக்குப் புரிந்தது. தன்னிடம் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, அந்தக் குகை முழுவதும் கேட்கும்படி, "பிலோன்" என்று கூப்பிட்டான். ஓங்கில் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அந்த வார்த்தையோடு மற்ற வார்த்தைகள் எல்லாம் வாயைவிட்டுப் போய்விட்டன.

"உன் பெயர் என்ன?" என்று தோணிக்காரன் கேட்டான்.

"பிலோன்" என்று தயங்காமல் சொன்னான் அவன். தோணியில் ஏறினான். தோணி நகர்ந்தபோது திரும்பி, "நீ ஏன் ஒன்றும் பேசவில்லை சிமோ?" என்று கேட்டான். சிமோ வாயைத் திறந்தான். ஓர் ஊதல் மட்டும் வந்தது.

தலாசியாவுக்கு அவன் வந்து சேர்வதற்கு முன்பே ஹெர்மோனின் படகு அங்கே வந்துவிட்டது. துறையில் இறங்கியவர்கள் எல்லோரிடமும் சிமோவைப் பற்றியே பேசினார்கள். அவன் வாயிலிருந்து மின்னிக்கொண்டு விழுந்த பொருளைப் பற்றியும் சொன்னார்கள். மெலாந்தி அதைக் கேட்டாள். நேராகக் கற்படியில் வந்து உட்கார்ந்தாள். சிமோ வந்து தலையை நீட்டினான்.

"காசு கடலில் விழுந்ததாமே? உண்மையா?"

அவன் ஊதினான்.

"உண்மையா, இல்லையா? அதைச் சொல்."

அவன் மறுபடி ஊதினான். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஊரார் பிள்ளைகளுக்காக வாயைத் திறந்தாய். சரி, அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு பதில் சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? அவர் அங்கேயே நிற்கிறாரா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட உனக்குத் துப்பில்லையா?" என்றாள். எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அவன் தினமும் வந்து ஊதினான். அவள் துறைப் பக்கமே போகவில்லை.

திருவிழா முடிந்து ஹெர்மோன் ஊருக்குக் கிளம்பும் நாளில், வார்ப்படக் கொக்கி ஒன்று வாங்க அவள் உலைக்கு வந்தான். போகிற போக்கில் வருத்தத்தோடு சொன்னான்: "நம்ம சிமோவுக்கு என்ன ஆயிற்று அம்மா? நன்றி சொல்லப் போனேன். என்ன கேட்டாலும் ஊதுகிறான். அன்றைக்கு எங்களிடம் அவ்வளவு தெளிவாகப் பேசினானே."

மெலாந்தியின் கையில் இருந்த இடுக்கி நின்றது. "காசு விழுந்த அன்றைக்கா?"

"ஆமாம். காசு விழுந்ததே அவன் பேசியதால்தானே?"

காசு விழுந்தபோது பேச்சு இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது இல்லை. அப்படியென்றால் அதற்குப் பிறகும் அவன் போயிருக்கிறான். வெறும் வாயோடு போனவன் எதைக் கொடுத்துவிட்டு வந்தான்? உருகிய வெண்கலம் உலையில் கிடக்க, அவள் துறைக்கு ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.

"சிமோ, காசு போன பிறகும் நீ அங்கே போனாயா? உன் பேச்சைத்தான் கூலியாகக் கொடுத்தாயா? அண்ணன் ஏறிவிட்டார் என்றால் என் கைக்கு வா."

அவன் வந்தான். சப்பை மூக்கை அவள் உள்ளங்கையில் வைத்து அசையாமல் இருந்தான். அவள் அந்தத் தலையைக் கட்டிக்கொண்டு, "பழிகாரி நான், உனக்குக் கதவடைத்துவிட்டேனே" என்று அழுதாள். புருஷனுக்காக அழுததைவிட அதிகமாக அழுதாள் என்று ஊரில் சொல்வார்கள்.

சிமோ இனிப் பேசமாட்டான் என்று தெரிந்ததும் மற்ற ஓங்கில்களும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன. அவனுக்கு இல்லாதது நமக்கு எதற்கு என்று நினைத்திருக்கும். குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் யாரும் இல்லாமல் போயிற்று.

மெலாந்தி அம்பு அச்சை உடைத்தாள். களிமண் பிசைந்து, வளைந்த முதுகும் சப்பை மூக்குமாகப் புது அச்சு செய்து, வெண்கலத்தை ஊற்றினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓங்கில் ஒன்று வந்தது. ஊர்ச் சபையில் பெரிய சத்தம் எழுந்தது. தெய்வத்தின் அம்பை மாற்ற இவள் யார் என்றார்கள்.

"இங்கே சந்தைக்கு எதை வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்" என்றாள் அவள். "சாகிறவர் வாயில் மட்டும் இதை வையுங்கள். என் வீட்டுக்காரரை அக்கரை சேர்த்தது அம்பு அல்ல. அங்கே கை நீட்டுகிறவன் ஒவ்வொரு தடவையும் இந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூலி வாங்க வேண்டும்."

அப்போலோ கோயில் பூசாரி யூமேலஸ் வயதானவர், அதிகம் பேசாதவர். அந்த வெண்கல ஓங்கிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்பு நம் சாமியின் கையிலிருந்து புறப்படுவது. ஓங்கில் அவரே எடுத்த உடம்பு. நடுக்கடலில் தவித்த மாலுமிகளுக்கு வழிகாட்ட அவர் இந்த உருவத்தில்தானே வந்தார்? இதைக் கோயிலில் வைக்க எனக்குச் சம்மதம்" என்றார். கோயிலில் வைத்தது சந்தைக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

அன்று தொட்டுத்தான் தலாசியாவின் வெண்கலக் காசு ஓங்கில் உருவில் வார்க்கப்பட்டது, கடலில் ஓங்கிலின் பேச்சு போய் ஊதல் மட்டும் மிஞ்சியது. அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் ஓங்கிலைக் கண்டால் படகை நிறுத்தி, நாளைக்குக் கறுத்த ஆற்றங்கரையில் மறந்துபோனாலும் அதுவாவது நினைவில் வைத்திருக்கட்டும் என்று, தங்கள் பெயரை அதற்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.